ஓடும் பொட்டலத்தைத் தூரத்திலிருந்து பிடிப்பது

1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதன் அருகிலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணையம் கிட்டத்தட்ட நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவில் 400 கெஜம்தான் தூரம். அதுவரை வினாடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தகவல், வினாடிக்கு 40 பிட்டாகச் சுருங்கியது. அதாவது வினாடிக்கு ஐந்து எழுத்து. கம்பி அறுந்திருக்கவில்லை, கருவி எதுவும் பழுதாகியிருக்கவில்லை. ஆய்வகத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன், கம்பியில் உண்மையில் என்னதான் போகிறது என்பதைப் பொட்டலம் பொட்டலமாக, அதாவது தகவல் பயணிக்கும் சிறு துண்டு ஒவ்வொன்றாக, ஆராயத் தொடங்கினார். காரணம் பிடிபட்டது. பதில் வரத் தாமதமானதும் அனுப்பும் கணினிகள் அதே பொட்டலத்தை மறுபடி மறுபடி அனுப்பி, இருந்த நெரிசலைத் தாங்களே பெருக்கிக்கொண்டிருந்தன. நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை அவர் 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய இணையம் மூச்சுமுட்டாமல் ஓடுவதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே 1988ஆம் ஆண்டு, அதே ஆய்வகத்தில், ஜேக்கப்சனும் சாலி ஃபிளாய்டும் வெர்ன் பாக்சனும் ஸ்டீவன் மெக்கேனும் சேர்ந்து ஒரு சிறு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் டிசிபிடம்ப். வலைப்பின்னலில் ஓடும் பொட்டலங்களை அப்படியே நகலெடுத்து, யார் யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்று வரிவரியாகக் காட்டும் கருவி அது. ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் ஈதிரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிய மென்பொருள் அதே வேலையை வண்ணங்களோடும் அட்டவணைகளோடும் செய்கிறது. நெட்வொர்க் வேலை பார்க்கும் எவரிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

ஜேக்கப்சனுக்கு வசதியாக, பிரச்சினை அவருடைய கட்டடத்து வாசலிலேயே இருந்தது. இன்றைய பொறியாளருக்கு அப்படி வாய்ப்பதில்லை. மெதுவாக இருப்பது மதுரைக் கிளையின் இணைப்பு, பார்க்க வேண்டியவர் சென்னையில். கருவி செல்பேசிக் கோபுரத்தின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், அல்லது வேறு நாட்டுத் தரவு மையத்தின் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். எனவே ரூட்டருக்குள்ளேயே பொட்டலங்களைப் பிடித்து, அவற்றைத் தூரத்திலுள்ள கணினிக்கு அனுப்பிப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஆங்கிலத்தில் ரிமோட் பாக்கெட் கேப்சர் என்பார்கள். விலையுயர்ந்த தொழில்முறை ரூட்டர்களிலும் ஸ்விட்சுகளிலும் இந்த வசதி உண்டு. வீட்டு ரூட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி போன்ற லினக்ஸ் மென்பொருளை ஏற்றினால் அங்கும் செய்யலாம்.

வசதி எளிது என்பதால் அதன் கனம் பலருக்கும் உறைப்பதில்லை. ஒரு கணினியில் பொட்டலம் பிடித்தால் அந்தக் கணினியின் போக்குவரத்து தெரியும். ரூட்டரில் பிடித்தால் அதன் வழியே போகும் எல்லோருடைய போக்குவரத்தும் தெரியும். இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் மறையாக்கம் செய்தே பேசுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் எந்தக் கணினி எந்த நேரத்தில் எந்தத் தளத்தின் முகவரியைக் கேட்டது, எவ்வளவு தரவு இறக்கியது, எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்பவை பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. ஒரு மருத்துவமனையின் ரூட்டரிலோ கல்லூரி விடுதியின் ரூட்டரிலோ இந்த விவரங்கள் மட்டும் போதும், தனி மனிதர்களின் வாழ்க்கை வெளியே வந்துவிடும். ஆகவே பாதுகாப்பான பிடிப்பு என்பது முதலில் அளவு பற்றிய கேள்வி. தேவையான இடத்தில், தேவையான பொட்டலத்தை மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும். நல்ல பொறியாளரின் திறமை அவர் எவ்வளவு எடுத்தார் என்பதில் இல்லை, எதையெல்லாம் எடுக்காமல் விட்டார் என்பதில் இருக்கிறது.

குறைவாக எடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ வண்டிகள். தெருக்களைப் படமெடுத்துக்கொண்டே போன அந்த வண்டிகள், வழியிலுள்ள வைஃபை ரூட்டர்களின் அடையாளங்களையும் சேகரித்தன. செல்பேசி இருக்கும் இடத்தைக் கணிக்க அந்த அடையாளங்கள் உதவும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் வண்டியிலிருந்த மென்பொருள், பூட்டப்படாத வைஃபைகளில் ஓடிய பொட்டலங்களின் உள்ளடக்கத்தையும் சேர்த்தே பதிந்துகொண்டது. மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும் அதில் இருந்தன. 2010 மே மாதம் நிறுவனம் இதை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் 38 மாநிலங்களோடு 2013 மார்ச்சில் 70 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டிவந்தது. வேண்டியது ரூட்டரின் அடையாளம் மட்டும், பதிந்ததோ பொட்டலம் முழுவதும். அத்தனை சிக்கலும் இந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

பொட்டலத்தில் எவ்வளவு பதிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வழி டிசிபிடம்ப்பில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஈதர்நெட் தலைப்பகுதி 14 பைட், ஐபி தலைப்பகுதி குறைந்தது 20, டிசிபி தலைப்பகுதி குறைந்தது 20. ஆக முதல் 54 பைட்டில் முகவரிகளும் போர்ட் எண்களும் வரிசை எண்களும் வந்துவிடும். மிச்சமெல்லாம் மனிதர்கள் அனுப்பிய செய்தி. இணைப்பு ஏன் மெதுவாக இருக்கிறது, பொட்டலம் எங்கே தொலைகிறது போன்ற கேள்விகளுக்குத் தலைப்பகுதியே போதும். பழைய டிசிபிடம்ப் எதுவும் சொல்லாவிட்டால் முதல் 68 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பிற்காலப் பதிப்புகள் இதை 2,62,144 பைட்டாக உயர்த்திவிட்டன. அதாவது பொட்டலம் முழுவதுமே பதிவாகும். பிரச்சினையைத் தேடுபவருக்கு இது வசதிதான். ஆனால் சுருக்கிக்கொள்ளும் பொறுப்பு முன்பு கருவியிடம் இருந்தது, இப்போது மனிதரிடம் வந்துவிட்டது. எல்லை எதுவும் கொடுக்காமல் கட்டளையைத் தட்டுபவர், தனக்குத் தெரியாமலேயே எல்லாவற்றையும் பதிகிறார். நூறு பைட் போதும் என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். போதவில்லை என்று தெரிந்தபின் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது வடிகட்டி. மெக்கேனும் ஜேக்கப்சனும் 1993இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அளித்த பிஎஸ்டி பாக்கெட் ஃபில்டர் கட்டுரை இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. பொட்டலங்களை எல்லாம் அள்ளிக் கொண்டுவந்து பிறகு பொறுக்குவது வீண் என்று கண்ட அவர்கள், பொறுக்கும் வேலையை இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே வைத்தார்கள். இந்த முகவரிக்கும் அந்த முகவரிக்கும் இடையே, 443ஆம் போர்ட்டில் ஓடுபவை மட்டும் என்று சொன்னால் மற்றவை நகலெடுக்கப்படுவதே இல்லை. வேகத்துக்காகப் பிறந்த இந்த ஏற்பாடு தனியுரிமைக்கும் அரணாக அமைந்திருக்கிறது. வடிகட்டி கேட்காத பொட்டலம் எந்தக் கோப்பிலும் ஏறாது. ஏறாததைத் திருடவும் முடியாது.

தூரத்திலிருந்து பிடிக்கும்போது வடிகட்டி இல்லாவிட்டால் வரும் விபத்து ஒன்று உண்டு. பொறியாளர் தன் கணினியிலிருந்து ரூட்டருக்குள் நுழைந்து, பிடித்ததைத் தனக்கே அனுப்பச் சொல்கிறார். ரூட்டர் ஒரு பொட்டலத்தைப் பிடித்து அனுப்புகிறது. அனுப்பிய அதுவும் ஒரு பொட்டலம்தானே? அதே இடைமுகத்தின் வழியேதானே அது வெளியே போகிறது? எனவே அதையும் பிடித்து அனுப்புகிறது. பிறகு அதன் நகலை, நகலின் நகலை. முடிதிருத்தும் கடையில் எதிரெதிராக மாட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் முகம் முடிவில்லாமல் பெருகுவது போலத்தான். சில வினாடிகளில் இணைப்பு நிரம்பி வழியும். ஏற்கனவே மெதுவாக இருந்த கிளை இப்போது முழுவதுமாகத் துண்டிக்கப்படும். நிறுத்து என்ற கட்டளைகூட அங்கே போய்ச் சேராது. வடிகட்டியில் தன்னுடைய இணைப்பை, வழக்கமாக 22ஆம் போர்ட்டை, விலக்கிவிடுவது ஒரே வரி வேலை. அந்த வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

கருவியின் கொள்ளளவும் கணக்கில் வர வேண்டும். வினாடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பு முழுக்க நிரம்பி ஓடினால், ஒரு திசையில் மட்டும் வினாடிக்கு 125 மெகாபைட் சேரும். நிமிடத்துக்கு ஏழரை கிகாபைட். 128 மெகாபைட் நினைவகம் கொண்ட ரூட்டரில் இது ஒரு வினாடிக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஓப்பன்-டபிள்யூஆர்டியில் தற்காலிகக் கோப்புகளுக்கான இடம் ரேமில்தான் இருக்கிறது. அங்கே கோப்பு வளர வளர ரூட்டருக்கு வேலை செய்ய இடம் குறைந்து, கடைசியில் அது முடங்கலாம், அல்லது தானாக அணைந்து எழலாம். இதைத் தடுக்கக் கோப்புகளைச் சுழற்சியில் வைக்கலாம்: பத்து மெகாபைட் ஆனதும் அடுத்த கோப்பு, ஐந்து கோப்பு ஆனதும் முதலாவதன் மேல் மறுபடி எழுது என்று சொல்லிவிட்டால் மொத்தம் ஐம்பது மெகாபைட்டைத் தாண்டாது. ஆயிரம் பொட்டலம் ஆனதும் நில், இரண்டு நிமிடத்தில் நில் என்று முன்கூட்டியே வரையறுப்பது இன்னும் மேல். தானாக நிற்கும் பிடிப்பை யாரும் மறந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

இதற்கெல்லாம் முன்பு, பிடிக்கும் இடத்தில் பொட்டலம் உண்மையில் தெரியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய ஸ்விட்சுகளில் பொட்டலங்களைக் கடத்துவது அதற்கென்றே செய்த சிப். கருவியின் மையச் செயலி பெரும்பாலான பொட்டலங்களைப் பார்ப்பதே இல்லை. செயலியில் பிடிப்பவர் அதற்கென்று வந்த சில பொட்டலங்களை மட்டும் கண்டுவிட்டு, போக்குவரத்தே இல்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும். வன்பொருள் உதவியோடு வேகமாக ஓடும் வீட்டு ரூட்டர்களிலும் இதே கதைதான், இணைப்பின் முதல் சில பொட்டலங்கள் தெரிந்து மற்றவை மறைந்துவிடும். இதனால்தான் சிஸ்கோ ஸ்பான் என்று அழைக்கும் நகல் வசதி இருக்கிறது: ஒரு போர்ட்டில் ஓடுவதை அந்தச் சிப்பே இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்துக் கொடுக்கும். அங்கும் ஒரு கணக்கு இடிக்கும். ஒரு கிகாபிட் போர்ட் ஒரே நேரத்தில் உள்ளே ஒரு கிகாபிட், வெளியே ஒரு கிகாபிட் ஓட்டவல்லது. இரண்டையும் சேர்த்து ஒரு கிகாபிட் நகல் போர்ட்டில் திணித்தால் பாதி சிந்திவிடும். நகலில் காணாமல் போன பொட்டலத்தை வைத்துக்கொண்டு, உண்மை இணைப்பிலேயே பொட்டலம் தொலைகிறது என்று தவறான முடிவுக்கு வருவது எளிது.

பிடித்ததைத் தூரத்துக்கு அனுப்பும் வழியில்தான் பெரும்பாலான ஆபத்து ஒளிந்திருக்கிறது. இத்தாலியின் டூரின் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான வின்பிகேப் மென்பொருள், ஆர்பிகேப் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. ரூட்டரில் ஒரு சிறு நிரல் 2002ஆம் போர்ட்டில் காத்திருக்கும். தூரத்து வயர்ஷார்க் அதனோடு பேசி நேரடியாகப் பொட்டலங்களைப் பார்க்கும். மிக வசதியானது. ஆனால் பழைய ஆர்பிகேப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பொட்டலங்களும் மறையாக்கம் இல்லாமலே போகும். கடவுச்சொல்லே கேட்காத முறையிலும் அதை ஓடவிடலாம். அவசரத்தில் அப்படி ஓடவிட்டு மறந்தால், அந்தப் போர்ட்டைக் கண்டுபிடிக்கும் யாரும் அலுவலகம் முழுவதையும் ஒட்டுக்கேட்கலாம். பிற்காலப் பதிப்புகளில் டிஎல்எஸ் மறையாக்கம் சேர்ந்திருக்கிறது. பழைய கருவியில் அதை எதிர்பார்க்க முடியாது.

லாட்வியாவைச் சேர்ந்த மைக்ரோடிக் நிறுவனத்தின் ரூட்டர்கள் சிறு இணையச் சேவையாளர்களிடம் மிகப் பரவலானவை. அவற்றில் பிடித்த பொட்டலங்களை வேறொரு முகவரிக்கு நேரடியாக ஓட்டும் வசதி உண்டு. டிஇசட்எஸ்பி என்ற உறையில் போட்டு, வழக்கமாக யுடிபி 37008ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். மறையாக்கம் கிடையாது. 2018 ஏப்ரலில் இந்த ரூட்டர்களின் ஒரு பாதுகாப்பு ஓட்டையை நிறுவனம் அடைத்தது. ஆனால் ரூட்டர் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று உலகெங்கும் லட்சக்கணக்கானோருக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் சீனாவின் கிஹு 360 நெட்லேப் ஆய்வாளர்கள், 7,500க்கும் மேற்பட்ட மைக்ரோடிக் ரூட்டர்கள் தங்கள் உரிமையாளர்களின் போக்குவரத்தை அந்நியர்களுக்கு ஓட்டிக்கொண்டிருப்பதாக அறிவித்தார்கள். புதிய தீநிரல் எதையும் இதற்காக ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த அந்நியர்கள், பொறியாளர்களுக்காக வைத்த அதே வசதியை இயக்கி, பெறும் முகவரியாகத் தங்களுடையதை எழுதிவைத்தால் போதும். அவர்கள் விரும்பிய போர்ட்டுகள் 20, 21, 25, 110, 143. கோப்புப் பரிமாற்றமும் மின்னஞ்சலும் மறையாக்கமின்றி ஓடும் போர்ட்டுகள் இவை. மைக்ரோடிக் வைத்திருப்பவர்கள் பாக்கெட் ஸ்னிஃபர் பக்கத்தைத் திறந்து, ஸ்ட்ரீமிங் இயக்கத்தில் இருக்கிறதா, சர்வர் என்ற இடத்தில் தெரியாத முகவரி உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்று பெரும்பாலானோர் நம்பும் பாதை எஸ்எஸ்எச். அது பிறந்ததே பொட்டலத் திருட்டிலிருந்துதான். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாடு யூலோனென் அதற்கு விடையாக எழுதிய மென்பொருளே எஸ்எஸ்எச். அதன் வழியே ரூட்டரில் டிசிபிடம்ப்பை இயக்கி, வெளிவரும் பொட்டலங்களை அப்படியே தன் கணினியின் வயர்ஷார்க்கில் ஊற்றலாம். வயர்ஷார்க்கிலேயே எஸ்எஸ்எச்டம்ப் என்ற இணைப்பு இதற்காக இருக்கிறது. கூடுதலாக எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம், ரூட்டரில் கோப்பும் சேராது. மறையாக்கம் செய்யும் வேலை சிறு ரூட்டரின் செயலிக்குக் கொஞ்சம் பாரமாகும். வடிகட்டி சரியாக இருந்தால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

இந்த வேலைக்கு நிர்வாகியின் முழு அதிகாரக் கணக்கைப் பயன்படுத்துவது தேவையற்ற துணிச்சல். லினக்ஸில் பொட்டலம் பிடிக்கும் அதிகாரத்தை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியும். எஸ்எஸ்எச்சிலோ ஒரு சாவிக்கு ஒரே கட்டளை என்று கட்டிவைக்கலாம்: அந்தச் சாவியோடு யார் வந்தாலும், முன்பே எழுதிய வடிகட்டியோடும் அளவோடும் அந்த ஒரு பிடிப்பு மட்டும் ஓடும். வேறு கட்டளை எதைத் தட்டினாலும் பயனில்லை. எந்த முகவரியிலிருந்து வந்தால் சாவி செல்லும் என்பதையும் குறிப்பிடலாம். மடிக்கணினி தொலைந்தாலும் ரூட்டர் தொலையாது. இப்படி அமைக்கக் கால் மணி நேரம் கூடுதலாகும். அதைச் செலவிடாத அலுவலகங்களே அதிகம் என்பது வருத்தமான உண்மை.

வந்து சேர்ந்த கோப்பும் சாதுவானது இல்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பொருள் சொல்லும் நிரலில் பிழை இருந்தால், எங்கோ ஒருவர் வேண்டுமென்றே கோணலாகச் செய்த பொட்டலம் அதைப் படிக்கும் கணினியையே கைப்பற்றும். 2004 மார்ச்சில் விட்டி என்ற புழு இதைச் செய்துகாட்டியது. அது தாக்கியது பாதுகாப்பு மென்பொருளை! ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள் ஐசிக்யூ அரட்டைப் பொட்டலங்களைப் படிக்கும் விதத்தில் இருந்த பிழையைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய 12,000 கணினிகளுக்குள் புகுந்து வட்டுகளை அழித்தது. வயர்ஷார்க்கிலும் நூற்றுக்கணக்கான நெறிமுறைகளுக்குப் பொருள் சொல்லும் நிரல்கள் இருக்கின்றன; அவற்றிலும் அவ்வப்போது பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. அதனால்தான் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சிறு நிரலுக்குத் தனியே கொடுத்து, பொருள் சொல்லும் பெரிய பகுதியைச் சாதாரணப் பயனராக ஓடச் செய்திருக்கிறார்கள். அதை மறுத்து முழு அதிகாரத்தோடு வயர்ஷார்க்கைத் திறப்பவர் அந்த அரணைத் தானே இடிக்கிறார்.

கோப்பை வேறொருவருக்கு அனுப்ப நேர்ந்தால், உள்ளடக்கத்தை வெட்டித் தலைப்பகுதியை மட்டும் விட வயர்ஷார்க்குடன் வரும் எடிட்கேப் உதவும். வேலை முடிந்ததும் மூலக் கோப்பை அழிக்கும் நாளையும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். அனுமதியும் வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். கணினிக்கோ நெட்வொர்க்குக்கோ பொறுப்பானவரின் அனுமதியின்றி அதிலிருந்து தரவை எடுப்பது இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

இத்தனையும் ஒழுங்காகச் செய்யும் அலுவலகத்துக்கும் ஒரு கவலை மிஞ்சும்: இதே வசதியை வேறு யாராவது ஓட்டினால் தெரியுமா? 2025 பிப்ரவரியில் சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுப் பிரிவு, அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் ஊடுருவிய சால்ட் டைஃபூன் கும்பலின் கருவி ஒன்றை விவரித்தது. ஜம்பிள்ட்பாத் என்று பெயர். இடையில் வேறு கருவிகளைத் தாண்டிப் போய், தூரத்துச் சிஸ்கோ கருவியில் பொட்டலம் பிடித்துவர எழுதப்பட்டது அது. போகும் வழியெல்லாம் பதிவேடுகளை அழிக்கவும் பதிவை முடக்கவும் முயலும். அதே ஆண்டு ஆகஸ்டில் பல நாடுகளின் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கை இன்னொன்றையும் சொன்னது: ஊடுருவியவர்கள் கருவியிலேயே உள்ள பிடிப்பு வசதியை இயக்கி, நிர்வாகிகள் உள்நுழையும் டாகாக்ஸ் போக்குவரத்தைப் பதிந்து, அவர்களுடைய கடவுச்சொற்களுக்குக் குறிவைத்தார்கள்.

கருவியின் பதிவேடு கருவியிலேயே இருந்தால் அதை அழிப்பது எளிது. எனவே ஒவ்வொரு கட்டளையும் தட்டிய அந்தக் கணமே வேறொரு பதிவுச் சர்வருக்குப் போய்விட வேண்டும். அந்தச் சர்வருக்கு ரூட்டர் நிர்வாகிகளின் சாவி செல்லக் கூடாது. பிடிப்பு தொடங்கியது, நகல் போர்ட் அமைக்கப்பட்டது, பிடிப்புக் கோப்பு வெளியே அனுப்பப்பட்டது ஆகிய மூன்றுக்கும் உடனடி எச்சரிக்கை வைப்பது கடினமான வேலை இல்லை, ஏனென்றால் சாதாரண நாளில் இவை அரிதாகவே நடக்கும். பிடிப்பைத் தொடங்கும் பொறியாளர் தன் பெயரையும் அனுமதி எண்ணையும் முடியும் நேரத்தையும் முன்பே எழுதிவைத்திருந்தால், கண்காணிப்பு அறையில் இருப்பவர் எச்சரிக்கை வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பொருந்தும் குறிப்பு எதுவும் இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பிடிப்பை நிறுத்தி, அதைத் தொடங்கிய கணக்கை முடக்கி, பொட்டலங்கள் எந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன என்று அப்போதே தேடத் தொடங்க வேண்டும்.